மூன்று நிமிடம் யாரும் குறுக்கே பேசக் கூடாது

சாமந்திப் பூப் படம் போட்ட அந்தக் கணக்கில் பேசுவது ஒரே ஆள் என்றுதான் போன் அரங்கத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரிட்டயரான பேராசிரியை என்றார் ஒருவர். கோர்ட்டில் வாதாடும் அம்மா என்றார் இன்னொருவர். நாங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உண்மையில் ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில், கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிற மூன்று பெண்கள் சேர்ந்துதான் அந்த ஒரு ஆள். வாய் மட்டும் என்னுடையது.

ஆரி வேலைக்கு உட்கார்ந்தால் இரண்டு கையும் போய்விடும். மரச்சட்டத்தில் துணியை முரசு மாதிரி இழுத்துக் கட்டி, வலது கை மேலே ஊசி குத்தும், இடது கை துணிக்கு அடியில் நூலைக் கொடுக்கும். கண்ணையும் எடுக்க முடியாது. மிச்சம் இருப்பது காதும் வாயும்தான். முதலில் பாட்டுக் கேட்டோம், பிறகு சீரியல் கேட்டோம். அழுகையைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு எவ்வளவு நாள்தான் மணி கோப்பது என்று எனக்கு வெறுத்துப்போன சமயத்தில்தான் அந்த அரங்கம் கிடைத்தது.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் போனில் நடத்தும் குரல் அரங்கம் அது. ஞாயிறு மதியம் தொடங்கும். செய்யாறு கம்பெனிகளில் ஷிப்ட் முடித்தவர்கள், போளூரில் கடை வைத்திருப்பவர்கள், துபாயில் உட்கார்ந்துகொண்டு ஊரைத் திருத்தத் துடிப்பவர்கள் என்று பலரும் வருவார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும். ஓட்டுப் போடாதவனுக்கு ரேஷன் நிறுத்தலாமா, கோயில் நிர்வாகத்தை யார் பார்ப்பது, சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவா இல்லை அவரவர் தேவைக்கா என்று வாரத்துக்கு ஒரு சண்டை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. நான் நன்றாகவே பேசினேன். இதில் எனக்கு அடக்கம் எல்லாம் கிடையாது.

போனை மரச்சட்டத்தின் மூலையில் சாய்த்து வைத்திருப்போம். கை காலி இல்லாததால் மைக்கைத் திறப்பதும் மூடுவதும் என் முழங்கையால்தான். பேச வேண்டுமென்றால் முழங்கையால் ஒரு தட்டு. பேசி முடித்தால் இன்னொரு தட்டு. பார்க்கிறவர்களுக்குக் கோழி சிறகடிக்கிற மாதிரி இருக்கும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். மூன்று பேரும் தலையாட்டினால்தான் ஒரு கருத்தை அரங்கத்தில் சொல்லலாம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் எங்களில் மூத்த அக்கா. தெள்ளார்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். கல்யாணமாகி ஆரணிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிழங்கு சாப்பிடமாட்டார், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். "ரெண்டு பேர் சொல்லிட்டா மூணாவது ஆளு ஊமைன்னு அர்த்தமாம்மா?" என்று கேட்டார். ரெண்டுக்கு ஒன்று என்றால் ரெண்டுதான் ஜெயிக்கும், அதுக்குப் பேர்தான் ஜனநாயகம் என்று நான் கத்திப் பார்த்தேன். அவர் ஒரு பூவிதழை முழுக்க முடித்துவிட்டு, "கத்தி முடிச்சிட்டியா?" என்றார். சட்டம் நிலைத்துவிட்டது.

மூன்றாவது ஆள் சின்னவள். இருபது வயது. பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கணக்கில் புலி, கேலியில் அதைவிடப் புலி. நான் அரங்கத்தில் மேடைத் தமிழுக்கு மாறும்போதெல்லாம், "அக்காவுக்கு மாலை எடுத்துகினு வாங்கப்பா" என்பாள். நான் சொல்லும் பாயிண்டுகளில் பாதி அவள் என் காதோரம் சொன்னவைதான். அவளே ஏன் பேசுவதில்லை என்பதற்குக் காரணம் அரங்கத்தின் நடுவர்.

நடுவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அரங்கத்தை ஒழுங்காக நடத்தியவர் அவர் ஒருவர்தான் என்று இப்போதும் சொல்வேன். யாராக இருந்தாலும் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஒரு முறை பெரிய மனிதர் ஒருவர் ஒரு காலேஜ் பெண்ணின் பேச்சில் குறுக்கிட்டார். "ஐயா, உங்க நேரம் வரும். இப்ப அந்தப் பொண்ணோட நேரம்" என்று சொல்லி அவர் மைக்கை மூடிவிட்டார் நடுவர். எனக்கு அப்படியே கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கை காலியில்லை.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்றேன்.

சின்னவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "அக்கா, அது எங்க அப்பா."

நாங்கள் நம்பவில்லை. அவள் சிரிக்காமல் சொன்னாள். "சத்தியமா எங்க அப்பாதான். செய்யாறு கம்பெனியில செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஞாயித்துக்கிழமை லீவு. ரூம்ல கதவச் சாத்திகினு போன்ல பேசிகினு இருப்பாரு. இன்னா பேசுறாருன்னு எங்களுக்குத் தெரியாது. இங்க வந்துதான் தெரியுது."

"வீட்ல எப்டி?" என்றார் அக்கா.

"வூட்ல நான் 'அப்பா, வந்து'ன்னு ஆரம்பிச்சா, அந்த 'வந்து'லயே கட் பண்ணிடுவாரு. இன்னிக்கி வரைக்கும் ஒரு சென்டன்ஸ் முடிச்சதில்ல பெரிம்மா."

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்காமல் என் காதைக் கடித்தாள். அப்பாவின் குரல் வந்தால் முதுகை நிமிர்த்தி உட்காருவாள். அவள் சொல்லிக்கொடுத்த வாதத்தை நான் என் மேடைத் தமிழில் எடுத்துவிட, "சாமந்திப் பூ அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு" என்று அவர் சொன்ன நாளெல்லாம் உண்டு. அப்போது சின்னவளின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பாவமாகவும் இருக்கும், அவரைப் போய் நாலு கேட்கலாமா என்றும் இருக்கும். நான் அவரை ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருந்தேன். மழை நாளில் கீழே வண்டியை நிறுத்தி, "பாப்பாவ அனுப்புங்க" என்று சொன்னதோடு சரி. என் வீட்டுத் தமிழையும் அரங்கத் தமிழையும் அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை.

இதற்கெல்லாம் நடுவில்தான் அந்தச் சங்கதி வெளியே வந்தது. சின்னவள் ராணுவத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். பெண்களை எடுக்கும் ராணுவப் போலீஸ் பிரிவு. கம்ப்யூட்டரில் எழுதும் பரீட்சை முடிந்து தேறியும் விட்டாள். அடுத்தது உடல்தகுதி முகாம். ஓட்டம், தாண்டல் எல்லாம் அங்கேதான். விடிவதற்கு முன் பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவாளாம். பாலை ஊற்றிவிட்டு, கேனை அங்கேயே வைத்துவிட்டு, ஏரிக்கரை மேல் ஓடுவாளாம். அப்பாவுக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட். அவர் வீடு திரும்பும்போது மகள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள்.

பரீட்சை தேறியதை ஒருநாள் தைரியமாகச் சொல்லப் போயிருக்கிறாள். அந்த 'வந்து'வைத் தாண்டி ராணுவம் என்ற சொல் வரை போய்விட்டாள். "அது உனக்கு இல்ல. வாய மூடு" என்று முடித்துவிட்டார். அதோடு விடவில்லை. போளூரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, அவர்களைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். முகாமுக்கு முந்தின வாரம் வருகிறார்கள்.

"உனக்குத்தான் வயசு ஆயிடுச்சே. சொல்லாம கிளம்பிப் போ. நான் கூட வரேன்" என்றேன் நான். சொன்னால் செய்வேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் தலையாட்டவில்லை. "தெரியாம போறது பெரிய விஷயம் இல்லக்கா. ட்ரெய்னிங் முடிச்சி லீவுல வருவேன் இல்ல, அப்ப எந்த வூட்டுக்கு வர்றது? கதவு தொறந்திருக்கணும். எனக்கு அது வேணும்."

நியாயம் அவள் பக்கம் போய்விட்டது. அந்த எரிச்சலில் அன்று இரண்டு ஊசியை உடைத்தேன்.

அந்த வாரமே நடுவர் அடுத்த தலைப்பை அறிவித்தார். போர்முனைக்குப் பெண்கள் போகலாமா. வீட்டில் வாயை மூடச் சொல்லிவிட்டு, முகம் தெரியாத ஊரைக் கூட்டி அதே விஷயத்தைப் பேச உட்காருகிறார் மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னவளுக்கு மட்டும் அது வேறு மாதிரி பட்டது. "அவருக்குள்ள ஓடிகினே இருக்குதுக்கா. இல்லன்னா இந்தத் தலைப்ப எடுத்திருக்க மாட்டாரு" என்றாள். நாம் ஜெயித்துக் காட்டுவோம், ஓட்டெடுப்பில் முக்கால்வாசிப் பேரை நம் பக்கம் இழுத்து, உன் அப்பா காதில் விழ வைக்கிறேன் என்று நான் வீரம் பேசினேன்.

ஆனால் அக்கா தலையாட்டவில்லை.

"ஆணோ பொண்ணோ, இன்னொரு உசுரக் கொல்லப் போறது சரின்னு என் வாயால வராது" என்றார். "சமமா போய்க் கொல்லுங்கன்னு சொல்றதுக்குப் பேரு சமத்துவமா?"

நான் வாதாடினேன். ராணுவப் போலீஸ் என்பது கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, விசாரணை பண்ணுவது, நேராகச் சுடப்போவதில்லை, காலாட்படையில் பெண்களுக்கு இன்னும் இடமே இல்லை என்று. "அப்ப தலைப்பு அதுதானே, போர்முனைன்னுதானே அந்தத் தம்பி வெச்சிருக்காரு" என்றார் அக்கா. சட்டப் புத்தகம் படித்தவர்கூட இப்படிப் பிடிக்கமாட்டார். கடைசியில் சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு படி இறங்கி வந்தார். "போர் நல்லதுன்னு மட்டும் சொல்லாத. மத்தத நீ பேசிக்கோ." அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிறு எங்களுக்கு வேலை தலைக்கு மேல். முகூர்த்த மாதம், மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரவிக்கை மறுநாளே போக வேண்டும். மூன்று பேரும் ஒரே மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடுகை விடச் சின்னதாக இருக்கும் சுகர் பீட்ஸ் மணிகள் தட்டில் கிடந்தன. ஒரு மூச்சு வேகமாக விட்டால் சிதறிவிடும்.

அரங்கம் சூடாகத்தான் தொடங்கியது. பெண்ணுடம்பு தாங்காது என்றார் ஒருவர். வயல்ல நாத்து நடும்போது தாங்குதே, அப்போது யாரும் உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லையே என்று என் மூன்று நிமிடத்தை அங்கேயே தொடங்கினேன். நாட்டை யார் ஆள வேண்டும் என்று ஓட்டுப் போட உரிமை கொடுத்துவிட்டு, நாட்டைக் காக்க உரிமை இல்லை என்றால் பாதி ஓட்டைத்தானே கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மரபு, மரபு என்று எதற்கெடுத்தாலும் சொல்லும் ஒரு கனத்த குரல், மதத்தை இழுத்தது.

"எந்த மதமும் பொண்ணு கையில ஆயுதம் குடுக்கல. நம்ம மாவட்டத்துலயே கொல்லாமையை உசுரா நினைக்கிற சமணக் குடும்பங்க இருக்கு. அவங்க வீட்டுப் பொம்பளைங்களக் கேட்டுப் பாருங்க, அவங்களே வேணாம்னு சொல்லுவாங்க."

அக்காவின் ஊசி நின்றது. என்னைப் பார்த்து, போனைக் கண்ணால் காட்டினார். இத்தனை மாதத்தில் அவர் அரங்கத்தில் பேசியதே இல்லை. நான் முழங்கையால் தட்டி, இங்கே ஒரு சமணக் குடும்பத்து அக்கா இருக்கிறார், பேச விரும்புகிறார் என்றேன். நடுவர், "பேசுங்கம்மா. மூணு நிமிஷம்" என்றார்.

"என்னைக் கேக்கணும்னு சொன்னாரு ஒருத்தரு, அதனால சொல்றேன்" என்று அக்கா அடுப்படியில் பேசுகிற குரலிலேயே தொடங்கினார். "எனக்குப் போர் வேணாம். பொண்ணுக்கு வேணாம்னு இல்ல, யாருக்குமே வேணாம். உங்க பையன் போறப்ப மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்புறீங்க. அப்ப எங்க கொல்லாமை உங்களுக்கு ஞாபகம் வர்றதில்ல. பொண்ணு போறேன்னா மட்டும் எங்களக் கூப்புட்டு சாட்சி சொல்லச் சொல்றீங்க. தப்புன்னா ரெண்டு பேருக்கும் தப்பு. கடமைன்னா ரெண்டு பேருக்கும் கடமை. எங்க மதத்த உங்க வசதிக்கு எடுத்துக்காதீங்க."

கனத்த குரல் விடவில்லை. முறைப்படி கை தூக்கி, நேரம் வாங்கிக்கொண்டு கேட்டது. "அம்மா என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆரி வேலை. பட்டு ரவிக்கைக்கு."

"பட்டுக்கு எத்தினி பூச்சி சாவுதுன்னு தெரியுமா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அக்கா தடுத்தார். "தெரியும்ங்க. அந்தப் பாவம் என்னுது. தெனமும் தெரிஞ்சிதான் செய்றேன். அதனாலதான் அடுத்தவங்க இதச் செய், அதச் செய்யாதன்னு சொல்ற எடத்துல நான் உக்கார்றதில்ல. அவங்கவங்க பாரத்த அவங்கவங்கதான் தூக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் இத்தனை நாள் மேடைத் தமிழில் கத்தியது எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எனக்குப் பொறாமையே வந்தது.

அப்போது நடுவர் ஒரு வழக்கமில்லாத காரியம் செய்தார். அவர் எப்போதும் தன் கருத்தைச் சொன்னதில்லை. அன்று, எனக்கும் மூணு நிமிஷம் எடுத்துக்கிறேன் என்றார். ஆரி, பட்டு ரவிக்கை என்ற சொற்கள் காதில் விழுந்தபோதே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்குமோ என்னவோ. நான் பின்னாலும் கேட்டதில்லை.

"நான் பட்டாளத்துல இருந்தவன். பொம்பளைங்களால முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். முடியும். எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா என்கூட இருந்த பையன் ஒருத்தன் திரும்பி வரல. அவன் பொட்டிய எடுத்துகினு அவன் வூட்டுக்குப் போனவன் நான். அவங்க அம்மா என்னை உள்ள கூப்புட்டு, சாப்புடச் சொன்னாங்க. எனக்கு எல முன்னாடி உக்கார முடியல. அந்த மாதிரி ஒருத்தன் என் வூட்டு வாசல்ல வந்து நிக்கிறத என்னால நெனச்சிப் பாக்க முடியாது. இது நியாயமா இல்லையான்னு எனக்குத் தெர்ல. இது பயம். அவ்ளோதான்."

நான் பதில் சொல்ல வேண்டிய முறை. முழங்கையால் மைக்கைத் திறந்து, உங்கள் பயத்தை மதிக்கிறேன், சற்று யோசித்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, மறுபடி தட்டி மூடினேன். மூடினேன் என்றுதான் நினைத்தேன். என் முழங்கையில் வியர்வைக்கு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சுகர் பீட்ஸ் மணி இடையில் மாட்டியதில் தட்டு சரியாக விழவில்லை. மைக் திறந்தே இருந்தது.

சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். ரவிக்கையில் கண்ணீர் விழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்களிடம் சொன்னாள். "இத்த ஏன் எங்க அப்பா வூட்ல ஒருநாள்கூட சொல்லல? பயமா இருக்குதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? என்கிட்ட வாய மூடுன்னு சொல்லிட்டு, ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருக்காரு."

போனிலிருந்து யாரோ, "யாருங்க அது?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. சின்னவளின் கை துணிக்கு அடியில் அப்படியே நின்றுவிட்டது. மைக்கை மூடு, போனை அணை என்று மனசு சொன்னாலும் எனக்கு முழங்கை அசையவில்லை.

நடுவரின் குரல் வந்தது. எந்த வாரமும் வருகிற அதே குரல்தான். கொஞ்சம் மெதுவாக இருந்தது. "சாமந்திப் பூ கணக்குல இன்னொருத்தர் இருக்காங்க போல. பேசணும்னா முறைப்படி கை தூக்கச் சொல்லுங்க."

திரையில் கை போல ஒரு படம் இருக்கும். அதைத் தொட வேண்டும். சின்னவள் தொடவில்லை. நானும் தொடக் கூடாது என்று கண்ணால் கெஞ்சினாள். அக்காதான் ஊசியை வைத்துவிட்டு, தன் கையை நீட்டி, அவளுக்காக அதைத் தொட்டார். போர் வேண்டவே வேண்டாம் என்கிற அக்கா. "பேசு பாப்பா. போவலாமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ பேசணும்" என்றார்.

"மூணு நிமிஷம்" என்றார் அவள் அப்பா. "யாரும் குறுக்க பேசக் கூடாது."

அவள் அரங்கத்து முறைப்படியே ஆரம்பித்தாள். "நடுவர் அவர்களே" என்றாள். குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினாள்.

"பரீட்சையில தேறிட்டேன். அத்த நான் வூட்ல முழுசா சொல்லல, சொல்ல முடியல. தெனமும் ஏரிக்கரையில ஓடுறேன். யாருக்கும் தெரியாது. நீங்க பயம்னு சொன்னீங்க. எனக்கு அந்தப் பயம் தெரியும். நீங்க பார்டர்ல இருந்தப்ப எனக்கு ஆறு வயசு. போன் வரலன்னா அம்மா சாப்பிடாது. நானும் சாப்பிட மாட்டேன். நாங்க எத்தினி வருஷம் அப்டி இருந்தோம். அப்ப எங்கள யாராவது கேட்டாங்களா, அப்பாவ அனுப்பலாமா வேணாமான்னு? ஓட்டு வெச்சாங்களா?"

"ஏம்மா, அது வேற" என்று அந்தக் கனத்த குரல் நுழைந்தது.

"குறுக்க பேசாதீங்க" என்றார் நடுவர். "அவ முடிக்கட்டும்."

அவ என்றார். அந்தப் பொண்ணு என்று சொல்லவில்லை.

"பயந்துகினேதான் உங்கள அனுப்புனோம்" என்றாள் சின்னவள். "திரும்பி வந்தா கதவத் தொறந்தோம். அதே மாதிரி நீங்களும் பயந்துகினே என்னை அனுப்புங்கப்பா. பயப்படாதீங்கன்னு நான் சொல்லல. தெரியாம ஓடிப் போவ எனக்கு இஷ்டம் இல்ல. லீவுல வந்தா கதவு தொறந்திருக்கணும். நான் கேக்குறது அவ்ளோதான்."

அவள் சொல்லி முடித்தபோது நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. வழக்கமாக மிச்ச நேரத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார் நடுவர். அன்று கொடுக்கவில்லை. அவ்வளவு பேர் கூடியிருந்த அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் அந்த மிச்ச நேரம் ஓடியது. முழு மூன்று நிமிடமும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது.

பிறகு, "இந்தத் தலைப்புக்கு நான் நடுவரா இருக்கக் கூடாது. எனக்கு இதுல ஒரு பக்கம் இருக்கு. வேற யாராவது நடத்துங்க" என்றார். அரங்கத்தை விட்டுப் போய்விட்டார்.

எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சின்னவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கோவமா போயிட்டாருக்கா" என்றாள். "அவரு கோவம் வந்தா எழுந்து போயிடுவாரு." நான் அவளைத் தேற்றவில்லை, எனக்குத் தேற்றத் தெரியாது. தண்ணீர் கொடுத்தேன். அக்கா அவள் விட்ட இடத்திலிருந்து மணியைக் கோத்துக்கொண்டிருந்தார். போனில் புது நடுவர் ஒருவர் தட்டுத்தடுமாறி விவாதத்தை நடத்திக்கொண்டிருந்தார். யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். கீழே வண்டிச் சத்தம் கேட்டது. சின்னவள் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். நான் ஊசியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். திட்ட வந்தால் முதலில் என்னைத் தாண்டட்டும் என்று கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் அக்காவும் எனக்குப் பின்னால் நிற்கிறார்.

அவர் மாடிப்படி ஏறி வந்தார். மீசை நரைத்த, ஒல்லியான மனிதர். பெண்கள் வேலை செய்யும் இடம் என்று வாசலைத் தாண்டவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். அக்காவைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். அப்புறம் எங்கள் தோளுக்கு மேலாக எட்டி மகளைப் பார்த்தார்.

"ஏரிக்கரையில எத்தப் போட்டுகினு ஓடுற?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. "இன்னாப்பா?"

"கால்ல. ஓடும்போது கால்ல இன்னா போட்டுகினு ஓடுற?"

"ஒண்ணும் இல்லப்பா. வெறுங்காலு. ஷூ வாங்கினா தெரிஞ்சிடும்னு..."

அவள் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருந்தார். அவள் முடிக்காமல் நிறுத்திவிட்டதால் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு அவள் கால்களைப் பார்த்தார். குதிகால் இரண்டும் வெடித்து, பாதம் காய்த்துப்போயிருந்தது. நாங்கள் தினமும் சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தும் அதைக் கவனித்ததில்லை.

"அந்தக் கரையில வெறுங்காலோட ஓடினா முட்டி போயிடும்" என்றார். "முகாம்ல முதல்ல முட்டியத்தான் பாப்பாங்க. கிளம்பு. ஜல்தி. ஞாயித்துக்கிழமை, கடைய சீக்கிரம் சாத்திடுவான்."

எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு இறங்காது. "போளூர்க்காரங்க வர்றதா சொன்னாளே" என்று கேட்டேன்.

"வர வேணாம்னு போன்ல சொல்லிட்டுதான் வண்டிய எடுத்தேங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னார். நான் கதவை விட்டு நகர்ந்தேன்.

சின்னவள் எங்களைத் தாண்டிப் படியில் இறங்கினாள். பையை மறந்துவிட்டாள், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள். அக்காவும் நானும் ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தோம். அவர்கள் ஊருக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி வலது பக்கம், பஜார்ப் பக்கம் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் அக்கா ஒரு மாதம் சொல்லிக் காட்டுவார். அன்று அவர் சொல்லவில்லை, அவரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மரச்சட்டத்துக்குத் திரும்பி வந்தபோது போனில் ஓட்டெடுப்பு முடிவை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். போர்முனைக்குப் பெண்கள் போகக் கூடாது என்பதே பெரும்பான்மை. நாங்கள் நன்றாகத் தோற்றிருந்தோம். கனத்த குரல்காரர் நன்றி தெரிவித்தார். புது நடுவர், சாமந்திப் பூக் கணக்குக்காரர்கள் கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

அக்காவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். முழங்கையைத் துடைத்துக்கொண்டு, சரியாகத் தட்டினேன்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன், என் வீட்டுத் தமிழிலேயே. "நீங்க முடிவு பண்ணிக்குங்க. போக வேண்டியவ கிளம்பிப் போயிட்டா."